தொட்டியில் மாற்றிய மீன்கள்

என்னைவிட அழகாகக் கையெழுத்துப் போடும் சின்ன மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. உன் அம்மாவுக்கு முழங்காலில் வலி. நாக்கில் ஒரு வலியும் இல்லை. இதை மாப்பிள்ளையிடம் காட்டாதே, காரணம் கீழே வரும்.

எங்கள் சாய ஃபேக்டரியின் மாத அறிக்கை திங்கட்கிழமை மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் உன் மேசைக்கு வரும். அதில் நீ கையெழுத்துப் போடாதே. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். ஆற்றில் விடுகிற தண்ணீர் முதலில் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் வந்து போகும். அதில் ஐந்து மீன். நீந்தினால் தண்ணீர் நல்லது. செத்தால் நான் வால்வை மூடவேண்டும். நாலாங்கிளாஸ் படிப்புக்கு அது போதும்.

நாலு மாதம் முன்னால் ஒருநாள் ஐந்தும் மிதந்தன. மூடினேன். சூப்பர்வைசர் ஓடிவந்தார். "யோவ் பெருசு, மிஷினு நின்னா நீயா பதில் சொல்லுவ? வேற மீனைப் போட்டுட்டுப் போய்யா" என்றார். போட்டு வால்வைத் திறந்துவிட்டேன். அதுவே பழகிவிட்டது. ஒரு வாளி மீன் எப்போதும் பக்கத்தில் இருக்கும். தொப்பை மீனுக்கு உன் புருஷன் பேர்தான். "மாப்பிள்ளை போயிட்டாரு, அடுத்த மாப்பிள்ளையக் கொண்டாங்கப்பா" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். நோட்டில் 'மீன் நலம்' என்று எழுதுவேன். அதை நம்பித்தான் நீ கையெழுத்துப் போட்டாய்.

நேற்று ஆற்று வளைவு வரை நடந்தேன். கண்ணுக்கு எட்டின மட்டும் வெள்ளை வயிறு. செத்த மீனைத் தின்ற கொக்கு ஒன்று பறக்க முடியாமல் நின்றது. கிட்டே போயும் விலகவில்லை. துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஏதோ கேலி பேசினேன். எனக்கு வேறென்ன தெரியும்? கழுத்து தொங்கின பிறகுதான் வாயை மூடினேன்.

நமக்கு வயிறு வலித்தால் ஊரையே கூட்டுவோம். ஆற்றுக்குள் இருப்பதெல்லாம் யாரிடம் போய்ச் சொல்லும்? அதற்காகத்தான் அந்த ஐந்து மீன். அவை சொன்னதை நான் தினமும் அள்ளிக் குப்பையில் கொட்டினேன்.

மீன் மாற்றிய நாளில் எல்லாம் காலண்டரில் 'மாப்பிள்ளை அவுட்' என்று எழுதி வைத்திருந்தேன், விளையாட்டுக்குத்தான். அந்தத் தாள்களைக் கிழித்தெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். மேலே கொடு. என்னைப் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். நீ போட்ட கையெழுத்தையும் கேட்பார்களே என்றுதான் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று காலை வால்வை மூடிவிட்டேன். நான் மூடினால் வேறு ஆளை வைத்துத் திறந்துவிடுவார்கள். நீ மூடினால் திறக்க முடியாது.

நல்லா இரு தாயே. அப்பாவைக் காப்பாற்றப் பார்க்காதே.

உன் அப்பா