பென் டிரைவில் ஏறாத வாக்குமூலம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

என் விசா வழக்குக்காக, அண்ணாவை இராணுவம் பிடித்துச் சென்றதை வாக்குமூலமாக நூலகக் கணினியில் மூன்று நாள் தட்டச்சு செய்தேன். ‘சேமிக்கப்பட்டது’ என்று திரை காட்டியதும் பென் டிரைவைக் கழற்றிவிட்டேன். சட்டத்தரணி மயூரா திறந்தபோது கோப்பு வெறுமையாக இருந்தது.

“சேவ் எண்டு காட்டினாலும் உள்ளுக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமெடுக்கும். அதுக்குள்ள இழுத்திட்டீங்கள்.”

“திரும்ப முழுக்க எழுதவேணுமோ?”

“ஓம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.”

நூலகக் கணினியிலும் அழிந்துவிட்டது. இன்று மறுபடி எழுதி, ‘கழற்றலாம்’ என்று வரும்வரை காத்திருந்தேன். பிறகும் நம்பாமல் மீண்டும் செருகித் திறந்து பார்த்தேன். இருக்கிறது. கவலைப்படாதீர்கள்.

அண்ணா அன்று போட்டிருந்த சட்டையின் நிறத்தை முதல் தடவை எழுதியிருந்தேன். இம்முறை எவ்வளவு யோசித்தும் வரவில்லை. வியாழனுக்கு முன் பதில் மின்னஞ்சலில் சொல்லுங்கள், சேர்த்துவிடுகிறேன்.

நூலகத்தைப் பூட்டுகிறார்கள்.

உங்கள் கஜீவன்