தகடு அடித்த வீடு

என்னங்க,

சூப் அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிக் குடியுங்கள். நான் தங்கை வீட்டுக்குப் போகிறேன்.

உலகப் போரில் நம் காஸெல் நகரமே குண்டு விழுந்து எரிந்தபோது இந்தத் தெருவில் தப்பிய ஒரே வீடு என்று நேற்று வாசலில் பித்தளைத் தகடு அடித்தார்கள். எப்படித் தப்பியது என்று கேட்டவர்களிடம், "எல்லாம் கடவுள் புண்ணியம்" என்றீர்கள்.

அன்று நம் நிலவறையில் கடவுள் கையில் கடப்பாரை இருந்தது.

பக்கத்து வீட்டு நிலவறைக்கும் நம்முடையதற்கும் நடுவே, ஆபத்தில் உடைத்துத் தப்புவதற்கென்றே கட்டிய ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கமிருந்து ஹெட்விக் தட்டினாள். "அண்ணே, உடைங்கண்ணே, புள்ளைங்களுக்கு மூச்சு முட்டுது."

"உடைச்சா நெருப்பு இங்க வந்துரும். எவனாவது கிட்ட வந்தா மண்டையப் பொளந்துடுவேன்" என்றீர்கள். நம் மாடியில் குடியிருந்த தையல்காரர் கடப்பாரையைப் பிடுங்கப் பார்த்தார். அவர் மணிக்கட்டு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பிறகு யாரும் அசையவில்லை. தட்டல் நின்று சுரண்டல் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

இன்று காலை நீங்கள் வெளியே போனதும் அதே கடப்பாரையால் அந்தச் சுவரை இடித்தேன். என் கைக்கே பொலபொலவென்று விழுந்துவிட்டது. செங்கல்களின் மறுபக்கமெல்லாம் நகக் கீறல்கள். சின்னச் சின்ன விரல்களின் கீறல்கள், என் இடுப்புயரத்துக்குக்கூட எட்டவில்லை.

தகட்டைப் பிடுங்கி அந்த ஓட்டைக்கு மேலே அடித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இந்தத் தப்பிய வீட்டைப் பார்க்க வருகிறவர்களைக் கீழே கூட்டிப் போங்கள்.

இப்படிக்கு,
அன்று உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றவள்