கிளி விரட்டப் போனவன்

நேற்று பட்டாபிராம் ஸ்டேஷனில் என் மானம் போயிற்று. டிக்கெட் கொடுக்கிறவர் கையை நீட்டினார். நான் பையிலிருந்து ஒரு புடலங்காயை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டேன்.

"இன்னா நைனா, இது எந்த ஊரு வரிக்கும் செல்லும்?" என்றார். வரிசையே சிரித்தது. எல்லாம் நீ பழக்கிவிட்ட பழக்கம்தான், கூட்டாளி. நீ மேலே போய்ச் சேர்ந்த பிறகும் கைக்கு அது மறக்கவில்லை.

ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கிய வருஷம், கடைகளில் சில்லறையே காணாமல் போனது. அப்போது காட்டுப்பாக்கத்தில் நீதானே மாற்றுக் கூட்டம் ஆரம்பித்தாய்? இருப்பதைக் கொடு, இல்லாததை வாங்கிக்கொள். சவரத்துக்குக் கீரை, கீரைக்கு ஏர், ஏருக்குத் தையல். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஐந்தாவது வரை படித்திருக்கிறேன்" என்றேன்.

"அத்த வச்சிகினு இன்னா பண்றது? தொண்ட கீதே மாமே, அது போதும்" என்று என்னைக் கம்பங்கொல்லையில் கிளி விரட்ட நிறுத்தினாய். என் படிப்புக்குக் கிடைக்காத மரியாதை என் கத்தலுக்குக் கிடைத்தது.

என் மகள் கல்யாணத்தையும் அப்படியேதான் கூட்டினாய். பந்தல், சமையல், பூ எல்லாம் மாற்று. மேளமும் பேசியாயிற்று என்றாய். முகூர்த்தத்துக்கு மேளக்காரர் வந்தார். நாயனத்தை மட்டும் உறையிலிருந்து எடுக்கவில்லை.

"நா இங்க ஊதிகினு இருந்தா, பந்தலுக்குப் பின்னால என் கொல்லையில கிளி ஓட்றது யாரு? மேளத்துக்கு மாத்து உன் தொண்டதான்னு பேச்சு. நீ போய் நில்லு, நா ஊதறேன்."

நான் உன்னைப் பார்த்தேன். நீ தலையைச் சொறிந்தாய்.

"ஆளு சரியாத்தான் போட்டேன் மாமே. பொண்ணுக்கு அப்பனும் நீதான்றத மறந்துட்டேன்."

சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டார். "மேளம் இல்லேன்னா தாலி இல்ல. வண்டியப் பூட்டுங்கடா!" என் மனைவி என்னைப் பார்த்த பார்வைக்குக் கிளிகளே ஓடியிருக்கும்.

நீ வேட்டியை மடித்துக் கட்டினாய். "நீ தார வாத்துக் குடு. கிளிய நா பாத்துக்கறேன்." மாதக்கணக்கில் அலைந்து நீ கூட்டிய கல்யாணம். ஒரு சடங்கைக்கூடப் பார்க்காமல் வேலி தாண்டிப் போனாய்.

மகளின் கையைப் பிடித்துத் தாரை வார்க்கையில் எனக்குக் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்து, நாயனத்துக்கும் மேலே, "ஏ... ஏய்... போ!" என்று உன் ஓட்டைக் குரல். மணப்பெண்ணே சிரித்துவிட்டாள்.

சாயங்காலம் குரல் செத்து வந்து, வெறும் காற்றாக, "நல்லா நடந்துச்சா?" என்றாய்.

"பாதிக் கம்பு போச்சாமே" என்று கேலி செய்துகொண்டே இலை போட்டேன். அவளைத் தாரை வார்த்தது நான் மட்டும் இல்லை, நாம் இரண்டு பேரும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பாயசம் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டேன்.