துருப்பிடித்த பூட்டு

மச்சான்,

நீ வீட்டைக் காலி செய்த அன்று நான் லேத்தை விட்டு நகரவில்லை. உன் முகத்தில் விழிக்கத் தைரியமில்லை.

ஊரே பேசிய அந்தப் பேட்டரி கம்பெனிப் பங்கை, வீட்டை அடமானம் வைத்து வாங்கினாய். ஒன்பது வருடமாக ஏறாத என் பம்ப் கம்பெனிப் பங்கைச் சொல்லி, "இன்னும் அடைகாக்கிறியாடா?" என்று கேன்டீனில் எல்லார் முன்னாலும் சிரித்தாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே உன் பேட்டரி ஃபேக்டரியை நேரில் போய்ப் பார்த்தேன். கேட்டில் துருப்பிடித்த பூட்டு. உள்ளே இடுப்பளவு புல்.

விலை அப்போது ஏறிக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் சொல்லியிருந்தால் லாபத்தோடு வெளியே வந்திருப்பாய். நன்றாகப் படட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது என் பங்கு மூன்று மடங்காகிவிட்டது. கேன்டீனில் என் பொறுமையைப் புகழ்கிறார்கள். நானும் தலையாட்டிக்கொண்டே டீ குடிக்கிறேன்.

இப்படிக்கு,
பக்கத்து லேத்துக்காரன்