முகத்தை மூடி நடந்தவர்

ஆற்றங்கரை முகாம், அரிசோனா
நவம்பர் 1873

அன்புள்ள லவினாவுக்கு,

உன் கடிதமும் கம்பளிக் காலுறைகளும் வந்து சேர்ந்தன. குழந்தைக்கு இருமல் நின்றது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பனி விழுவதற்குள் உன் அண்ணனிடம் சொல்லிக் கூரையைச் சரிசெய்துகொள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

சமாதானம் ஆகிவிட்டது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அதை யாருக்காவது படித்துக் காட்டியிருந்தால் இதையும் படித்துக் காட்டு.

மலைமேல் போய் நான் பேசிய அபாச்சித் தலைவரைப் பற்றி அதில் நிறைய எழுதியிருந்தேன். இனி அவர் பெயரை எழுத மாட்டேன். இறந்தவர் பெயரை அவருடைய மக்கள் உச்சரிப்பதில்லை.

அன்று நானும் மொழிபெயர்க்கும் செவேரோவும் துப்பாக்கியில்லாமல் போயிருந்தோம். சுட்ட கற்றாழைக் கிழங்கைத் தின்னக் கொடுத்தார். பிறகு, "தாடி வெச்சவன் பொய் சொன்னா மொகத்துல தெரியாது. அதான் உன் கண்ணையே பாக்கறேன், கோவிச்சுக்காத" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "உன் பேச்சு எதுவரைக்கும் போவும்? உனக்கு மேல இருக்கறவன் வாய்வரைக்கும் போவுமா?" என்று கேட்டார். போகும் என்றேன். அதை நம்பித்தான் பெண்டு பிள்ளைகளோடு இறங்கி வந்தார்.

தினமும் காலையில் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும், எண்ணி முடித்ததும் மாவும் இறைச்சியும் கிடைக்கும் என்பது ஏற்பாடு. அவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, அவளும் அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது. அது பகையல்ல, அவளுக்கு அவன் காட்டும் மிகப் பெரிய மரியாதை. ஆகவே, தலைவருடைய மனைவியின் தாயை வண்டிகளுக்கு அப்பால் வேறு வரிசையில் நிற்க வைத்திருந்தேன். பழைய கேப்டன் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மாற்றலாகிப் போனார்.

புதிதாக வந்த லெப்டினன்டுக்குச் சிலர் இரண்டு முறை மாவு வாங்குவதாகச் சந்தேகம். ஒவ்வொரு குடும்பமும் ஒன்றாக நிற்க வேண்டும், வரிசையை விட்டு விலகுகிறவனைத் தடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். நான் போய் வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். "அட, என் மாமியார் மொகத்தப் பாக்க எனக்கும்தான் பிடிக்கல, சார்ஜன்ட். நான் என்ன ஓடியா போயிட்டேன்?" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுபடியும் சொன்னேன். போகலாம் என்றார்.

மறுநாள் காலை காவலன் ஒருவன் அந்த அம்மாளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து மகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். தலைவர் கம்பளியை இழுத்துத் தன் முகத்தை மூடிக்கொண்டு, புதர்ப் பக்கமாக வேகமாக நடந்தார். நில் என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் கேட்டது. நான் கத்திக்கொண்டு ஓடினேன். வெடிச்சத்தம் எனக்கு முந்திக்கொண்டது.

அவருக்கு உடனே உயிர் போகவில்லை. தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். செவேரோவைப் பார்த்து, "அந்தம்மா என் மொகத்தப் பாத்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றான் அவன். "நல்லது" என்றார்.

அந்த அம்மாள் தன் தலைமுடியை அறுத்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அழுதாள். மகள் அவர் மார்பில் விழுந்து கிடந்தபோதும் திரும்பவில்லை. நான் எத்தனையோ சாவுகளைப் பார்த்தவன், லவினா. திரும்பிப் பார்க்காத அந்த முதுகை மறக்க முடியவில்லை.

தப்பியோட முயன்றவன் சுடப்பட்டான் என்று மேலிடத்துக்குச் செய்தி போயிருக்கிறது. சுட்ட பையன் சாப்பிடாமல் கிடக்கிறான். அவனை என்ன சொல்ல?

இருட்டுவதற்குள் பாதிப் பேர் இறந்தவரின் தம்பியோடு மலையேறிவிட்டார்கள். நான் போய் அவர்களை அழைத்துவர வேண்டுமாம். முதல் பனிக்குள் இறங்காவிட்டால் படை மேலே போகும். கிழவர்களும் கைக்குழந்தைகளும் அங்கே இருக்கிறார்கள். இனி தனி வரிசைதான் என்று லெப்டினன்ட் வாய்வார்த்தையாகச் சொல்கிறார். எழுதித் தரச் சொன்னேன், தரவில்லை. செவேரோ மூலம் அந்தத் தம்பி சொல்லியனுப்பியிருக்கிறார்: தாடிக்காரன் தானே வந்து சொன்னால் கேட்போம் என்று. இதற்குப் பிறகும் என்னை நம்புகிறார்கள்.

நாளை விடிந்ததும் புறப்படுகிறேன். என் உயிருக்காக நீ பிரார்த்திக்க வேண்டாம்; அங்கே எனக்கு ஒரு தீங்கும் நேராது. அவர்கள் என் கண்ணைப் பார்த்துக் கேட்கும்போது நான் சொல்லப்போவது, இங்கே இறங்கி வந்த பிறகும் உண்மையாக இருக்க வேண்டும். அதற்காக மட்டும், குழந்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மண்டியிட்டுக் கேள்.

கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன்
ஆம்புரோஸ்