குழாயைத் தொடாதே

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் உருப்படவில்லை. அவர் அச்சகத்துக்கும் குட்டி பள்ளிக்கூடத்துக்கும் கிளம்பியதும் பதிவு செய்ய மைக்கை வைத்துவிட்டு பியானோ முன் உட்கார்ந்தேன். இடது கை தானாக ஓடியது, வலது கைக்கும் ஏதோ சொல்ல வந்தது – அந்த நேரம் பார்த்து சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமத் தொடங்கியது. போச்சு. எழுதி வைத்த இசை என்றால் கெட்ட இடத்தை மட்டும் மறுபடி வாசித்து ஒட்டிவிடலாம். நான் வாசிப்பது அந்த நிமிடத்தில் வருவது. போனால் போனதுதான்.

இருபது வருடமாக அடுத்தவர் பாட்டுக்கும் நடன வகுப்புக்கும் வாசித்தே காலம் போய்விட்டது. "உங்க சொந்த வாசிப்பு மட்டும், நீங்க தனியா. மாசக் கடைசிக்குள்ள குடுங்க" என்று ஆல்பம்காரர் இப்போதுதான் கேட்டிருக்கிறார். இதையும் கோட்டைவிட்டால் இன்னொருவர் வந்து கேட்கப்போகிறாரா?

"ஃப்ரிட்ஜும் உன்கூட கச்சேரி பண்ணிட்டுப் போகட்டுமே" என்கிறார் அவர். நக்கல்.

மார்ச் 4

வழி கண்டுபிடித்துவிட்டேன். வாசிக்கும் நேரம் முழுக்க ஃப்ரிட்ஜை அணைத்துவிடுவது. பால் கெட்டால் கெடட்டும். குட்டியின் இன்சுலின் கெடக்கூடாது – அவள் ஆறு வயதிலிருந்து அந்த ஊசியால் ஓடுகிறவள். இருந்த மருந்தை எல்லாம் ஒரு டப்பாவில் அடுக்கி, ஃப்ரீசரில் கல்லாக உறைந்திருந்த ஐஸ் பைகள் இரண்டுக்கு நடுவில் இறுக்கி வைத்தேன். தொட்டால் விரல் மரத்துப்போகிற குளிர். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 6

மூன்று நாளாக இதே ஏற்பாடு. அமைதிக்குக் குறைவில்லை, இசைக்குத்தான் குறைவு.

மார்ச் 8, ஞாயிறு

குட்டிக்குச் சுகர் ஏறியே இருக்கிறது. ஊசியின் அளவைக் கூட்டியும் இறங்கவில்லை. எதையோ திருட்டுத்தனமாகத் தின்கிறாள். கேட்டால் "இல்லம்மா". பள்ளிப் பையைத் தலைகீழாகக் கொட்டினேன். ஒரு சாக்லேட் காகிதம் விழுந்தது.

"அது என் ஃப்ரெண்டோடதும்மா. கப்பல் செய்யக் குடுத்தா."

கப்பலாம்! யார் காதில் பூ சுற்றுகிறாள்? பதினோரு வயதில் இவ்வளவு பொய்யா?

மார்ச் 10, செவ்வாய்

அசதியாக இருக்கிறது என்று குட்டி பள்ளிக்கூடம் போகவில்லை. நடிப்பு என்றே நினைத்தேன். சரி, வீட்டில் கிட என்று விட்டுவிட்டு உட்கார்ந்தால், மூன்று பதிவும் பாழ். மூன்றிலும் குழாய்ச் சத்தம். வருகிறாள், தண்ணீர் பிடிக்கிறாள், மடமடவென்று குடிக்கிறாள், பாத்ரூமுக்குப் போகிறாள், திரும்பி வந்து மறுபடி குழாய். தலைக்கு ஏறிவிட்டது எனக்கு.

"நான் வாசிக்கிறப்போ இனிமே குழாயத் தொட்டே, அவ்வளவுதான்! பொய்யும் சொல்லுவ, என் வேலையையும் கெடுப்ப!"

அவள் அழவில்லை. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

அப்புறம் வாசித்தேன். கோபமெல்லாம் கைக்கு இறங்கி, எங்கேயோ ஓர் இடத்தில் கோபமாக இல்லாமல் ஆகிவிட்டது. வீட்டில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் வந்தது. என் வாழ்நாளில் இப்படி வந்ததே இல்லை. அழுதுவிட்டேன். உடனே ஆல்பம்காரருக்கு அனுப்பியும் விட்டேன்.

மார்ச் 11

விடியும்போதே வாந்தி. மூச்சு வாங்குது அவளுக்கு. கூப்பிட்டா முழிக்க மாட்டேங்குறா. ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு –

மார்ச் 12

ஐ.சி.யூ.வுக்குள்ளே ஒருவர்தான் இருக்கலாம் என்கிறார்கள். அவர் இருக்கிறார். நான் வெளியே நாற்காலியில். கடவுளே, எனக்கு ஆல்பம் வேணாம். இந்தக் கையக்கூட எடுத்துக்கோ. அவ கண்ணத் தொறக்கட்டும். அது போதும்.

மார்ச் 13

டாக்டர் அம்மா, மருந்தை வீட்டில் எப்படி வைத்திருந்தோம் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொல்லித் தொலைத்தேன், ஐஸுக்கு நடுவில் பத்திரமாக வைத்தேன் என்று. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அது உறையவே கூடாதும்மா. ஒரு தடவை உறைஞ்சிட்டா மருந்து வேலை செய்யாது. இளகினப்புறம் பாக்க நல்லாத்தான் இருக்கும். ஃப்ரிட்ஜ அணைச்சிட்டு அப்படியே உள்ள விட்டிருந்தாக்கூட ஒண்ணும் ஆயிருக்காது."

பிறகு கேட்டார். "பிள்ளை அடிக்கடி தண்ணி குடிச்சாளா? கவனிச்சீங்களா?"

கவனிச்சேனா! ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சே எனக்கு. ஒரு கம்பி நூலளவு சுருதி இறங்கினாலும் கண்டுபிடிக்கிற காதுதானே இது? புள்ள தாகத்துல தவிக்கிறா, நான் பதிவு கெட்டுப்போச்சுன்னு கத்தியிருக்கேன். தினமும் நானே என் கையால செத்த மருந்தக் குத்திட்டு, அவளப் பொய்க்காரின்னேன். என்ன ஜென்மம் நான்?

அன்றைக்கு நான் வாசித்து முடிக்கும்வரை அவள் நாக்கு வறண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்திருக்கிறாள். அந்த அமைதியில்தான் எனக்கு இசை வந்தது.

மார்ச் 14

கண் திறந்தாள். என்னைப் பார்த்ததும் முதல் பேச்சு – "அம்மா, நான் நிஜமாவே எதுவும் திங்கல."

"தெரியும்டா. தப்பெல்லாம் அம்மா மேலதான்" என்றேன். எவ்வளவு புரிந்ததோ, மறுபடி தூங்கிவிட்டாள்.

மார்ச் 20

வீட்டுக்கு வந்துவிட்டோம். அவர் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. "நீ வேணும்னு பண்ணலன்னு தெரியும். கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகாத" என்றார், பியானோவைப் பார்த்து. போகிற தெம்பு எனக்கும் இல்லை.

ஆல்பம்காரர் கூப்பிட்டார். "பத்தாம் தேதி அனுப்பினீங்களே, அசத்திட்டீங்க! அத வச்சே ஆல்பம் பண்ணிடலாம்" என்றார். வேண்டாம், அழித்துவிடுங்கள் என்றேன். "விளையாடாதீங்க, இப்படி ஒண்ணு திரும்ப வராது" என்றார். வராதுதான். எனக்குத் தெரியாதா?

மார்ச் 23

என்னிடம் இருந்ததை அழித்துவிட்டேன். கடைசியாக ஒரு முறை கேட்கலாமா என்று கை போனது. கேட்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

குட்டி இந்த வாரம் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். சுகர் கட்டுக்குள் இருக்கிறது. கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. இன்று மாலை, வெயிலில் நடந்து வந்ததில் முகமெல்லாம் சிவந்திருந்தது. பையை ஓரமாக வைத்தாள். நான் மூடிய பியானோ மேல் துணிகளைப் போட்டு மடித்துக்கொண்டிருந்தேன். சமையலறை வாசல்வரை போனவள் நின்று, திரும்பி என்னைப் பார்த்தாள். குரலே எழும்பாமல் கேட்டாள்.

"அம்மா, இப்ப தண்ணி குடிக்கலாமா?"