தலைக்கு மேல் மண்

1944, ஆனி 9

சாமைக்கு முதல் களை. மேல்துண்டு முடிந்தது. கீழ்த்துண்டில் பாதி நிற்கிறது. அத்தைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் இருட்டும்வரை எடுத்தேன். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் கீழ்த்துண்டும் முடிந்திருக்கும்.

ஆனி 12

மணியக்காரர் வீட்டுக்குச் சாவுக்கணக்கு பார்க்கப் போனேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நின்ற படிப்பு, எட்டிப் பார்த்து நானே படித்தேன். ‘வாழவந்தி நாடு வெள்ளையன், பள்ளத்தில் விழுந்து இறந்தான்.’

விழவில்லை. அவர் நின்றுகொண்டிருந்தார். மண்தான் விழுந்தது.

திருத்துங்க என்றேன். “செத்தது செத்ததுதான தாயி, எப்படிச் செத்தா என்ன?” என்கிறார்.

எப்படிச் செத்தால் என்னவா? உங்க ஊட்டுல செத்திருந்தா இப்படிக் கேப்பீங்களா?

ஆனி 13

நேற்று கோபத்தில் பாதியில் விட்டுவிட்டேன். நடந்தது நடந்தபடி ஒரு இடத்திலாவது இருக்கட்டும்.

சண்டைக்கு ஏரோப்பிளான் செய்ய அலுமினியம் வேண்டுமாம். எங்கள் மலை மண்ணில் அது இருக்கிறதா என்று பார்க்க ஒரு கம்பெனி வந்து கூடாரம் போட்டிருக்கிறது. அங்கங்கே குழி வெட்டி, அடிமண்ணை மூட்டை கட்டி அனுப்புகிறார்கள். எங்கள் ஆட்கள்தான் வெட்டுகிறார்கள். வைகாசி கடைசியில் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால், அவர் நின்ற குழியின் ஒரு பக்கம் அப்படியே இறங்கிவிட்டது. கையால் தோண்டினோம். நானும் தோண்டினேன்.

இவ்வளவுதான். இதில் விழுந்தது எங்கே இருக்கிறது?

ஆனி 27

கொழுந்தன் பொன்னனைக் கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. புதுக் குழியாம். ஆடி பிறந்ததும் ஆரம்பம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து நிற்கிறான். அதே ஓவர்சியர், அதே மண்மேடு, நாலு எட்டுத் தள்ளி.

“மண்ணு சரியாம பலகை அடிப்பாங்களா?” என்று கேட்டேன்.

“குழிக்கு எதுக்கு அண்ணி பலகை? அது என்ன ஊடா, செவுரு வெக்கறதுக்கு?” என்று சிரித்தான். சிரிப்பு அண்ணன் சிரிப்பு மாதிரியே இருந்தது. எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன்.

ஆனி 29

கூடாரத்துக்குப் போனேன். ஓவர்சியர் அர்த்தனாரி திருச்செங்கோட்டுப் பக்கம். கெட்ட மனுஷன் இல்லை. உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

“சுரங்கமா இருந்தா பலகை அடிச்சே ஆகோணும்மா. சட்டம். இது சுரங்கம் இல்ல, சோதனைக்கு மாதிரி மண்ணு எடுக்கற குழி. மாதிரிக்குழி. மாதிரிக்குழிக்குச் சட்டத்துல ஒண்ணும் இல்ல.”

“ஆழம் ஒண்ணுதானுங்களே?”

“ஆழம் ஒண்ணுதான். பேரு வேற. சுரங்கம்னு நான் எழுதுனா பெரிய ஆபீசுல இருந்து ஆளு வந்து பாக்கோணும், வேலை நின்னு போவும். எம்பேர்ல பாய்வாங்க. அப்படியும் பலகைக்கு மரம் கேட்டுப் பாத்தேன். காட்டு ஆபீசுல குடுக்கல.”

திரும்பும் வழியில் காட்டுக் கார்டு குப்புசாமியைக் கேட்டேன். “கெணத்துக்கு மரம் உண்டு, சுரங்கத்துக்கு உண்டு. எங்க கணக்குல அது வெறும் பள்ளம். பள்ளத்துக்கு மரம் வெட்ட உத்தரவு இல்லீங்க” என்றான்.

ஆனி 30

சர்க்கார் புதுப் பாதை வெட்டுகிற இடத்தைத் தாண்டித்தான் விறகுக்குப் போகவேண்டும். இன்றைக்கு நின்று பார்த்தேன். மலையைச் செங்குத்தாக அறுத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மரம் முட்டுக் கொடுத்து நிற்கிறது. அங்கே வேலை செய்கிறவர்கள் பீடி பிடித்துக்கொண்டு நிம்மதியாக வெட்டுகிறார்கள்.

மேஸ்திரி அண்ணாமலையிடம் கேட்டேன். அவர்களுடைய புத்தகத்தில் இதற்கு ‘வெட்டு’ என்று பெயராம். வெட்டு என்றால் முட்டு வேண்டுமாம்.

அப்போ பாதையில வெட்டு. கம்பெனியில மாதிரிக்குழி. காட்டுல பள்ளம். அங்க பலகை, இங்க பொணம். மண்ணுக்கு இதெல்லாம் தெரியுமா? இது வெட்டு, தள்ளி நிக்கலாம், இது மாதிரிக்குழி, மேல விழலாம்னு மண்ணு படிச்சுப் பாத்துட்டா விழுது?

ஆடி 2

பொன்னன் வேலைக்குப் போய்விட்டான். எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். முழங்கால் என்றான்.

ஆடி 4

வள்ளிக்கிழங்கு தோண்டினேன். கடப்பாரையைப் போட்டுக் கையை உள்ளே விட்டபோதுதான் அது உறைத்தது.

கம்பெனிக் குழிக்கு நாங்கள் என்ன பெயர் வைத்தோம்? கம்பெனி வந்த முதல் நாளே எங்கள் ஆட்கள் அதைக் கிழங்குக்குழி என்றார்கள். அவரும் அப்படித்தான் சொல்வார். ‘கெழங்குக்குழிக்குப் போயிட்டு வாரேன்’ என்று. காட்டில் கிழங்குக்குழி எவ்வளவு ஆழம் போனாலும் சரியாது. சுற்றிலும் வேர் பிடித்திருக்கும், குழி கை அகலம்தான் இருக்கும். அந்தப் பழக்கத்தில் யாரும் பயப்படவில்லை. ஆனால் கம்பெனிக் குழி நாலு பேர் நிற்கிற அகலம். மேலே இருந்த மரத்தையெல்லாம் வெட்டி வேரையும் பிடுங்கிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். வேரில்லாத மண் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

ஆக, ஆபீஸ்காரர்கள் மட்டும் இல்லை. நாலாவது பெயர் எங்களுடையது. அதுவும் போகவேண்டும்.

ஆடி 5

இடுப்பு வரை.

ஆடி 8

நெஞ்சு. பலகை இல்லை.

அத்தையிடம் சொன்னேன். “போனவன் வரப்போறதில்ல. இருக்கறவன் சோத்துலயும் மண்ணப் போடாத” என்றாள். பெற்றவள் சொல்கிற பேச்சா இது? பயத்தில் சொல்கிறாள். எனக்கும் பயம்தான். ஆனால் என் பயம் வேறு பக்கம் இழுக்கிறது.

ஆடி 9

போட்டுவிட்டேன்.

எங்கள் நாட்டில், இந்த மலையூர்கள் சேர்ந்ததுதான் நாடு, ஒரு வேலையை நிறுத்தவேண்டும் என்றால் பச்சைத் தழையை ஒடித்துக் குறுக்கே போட்டு, நாட்டு ஆணை என்று சொல்லவேண்டும். நாடு கூடிப் பேசி முடிக்கும்வரை யாரும் அதைத் தாண்டக்கூடாது. தாண்டினவனுக்கு யாரும் நெருப்புக் கொடுக்கமாட்டார்கள், தண்ணீர் கொடுக்கமாட்டார்கள். வரப்புத் தகராறுக்கு ஆம்பளைகள் போட்டுப் பார்த்திருக்கிறேன். பொம்பளை போட்டுப் பார்த்ததில்லை.

விடியக் காலையிலேயே போய்க் குழி வாயில் போட்டேன். பொன்னன் வந்தான், பார்த்தான், மண்வெட்டியைக் கீழே போட்டான்.

“பைத்தியமா புடிச்சுருக்குது உங்களுக்கு? ஊரே சிரிக்குது!”

“சிரிக்கட்டும். தாண்டிப் பாரு.”

தாண்டவில்லை. ஒருத்தனும் தாண்டவில்லை. அர்த்தனாரி வந்து தழையையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “ஒரு கொப்புக்குப் பயந்தாடா நிக்கறீங்க, எட்டு வெச்சுத் தாண்டுங்கடா” என்றார். நீங்க தாண்டுங்க என்று பின்னாலிருந்து எவனோ சொன்னான். அவரும் தாண்டவில்லை.

ஆடி 10

பொன்னன் என்னோடு பேசவில்லை. கஞ்சியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனான். வேண்டாமென்றால் போ. உயிரோடு இருந்து கோவிச்சுக்க.

ஆடி 12

கோயில் மந்தையில் நாடு கூடியது. நாட்டுக்குத் தலைவரான பட்டக்காரர் நடுவில். ஓவர்சியர், மேஸ்திரி, குப்புசாமி மூவரையும் கூப்பிட்டுவிட்டிருந்தார். பெண்கள் ஓரத்தில். நான் மட்டும் உள்ளே போய் நின்றேன்.

எடுத்த எடுப்பில் ஒருத்தர், தாலியறுத்தவள் போட்ட தழை செல்லுமா என்றார்.

“தாலியறுத்ததாலதானுங்க போட்டேன்” என்றேன்.

பட்டக்காரர் கேட்டார். “நீ என்ன கண்ணு கேக்கற? நட்டஈடா?”

“பணம் வேண்டாமுங்க. ஒரே பேரு வேணும். மூணு ஆபீசும், நாமளும், அதுக்கு ஒரே பேரு சொல்லோணும். எது அதுங்கறதையும் சொல்லோணும். அப்பறம் யாரும் மாத்தக்கூடாது.”

அர்த்தனாரி சிரித்தார். “ஏம்மா, கவர்மெண்ட்டுப் புத்தகத்துல இருக்கற பேர நீ மாத்திருவியா?”

“உங்க புத்தகம் உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க. மனுசன் உள்ள நின்னா அவன் தலைக்கு மேல மண்ணு நிக்குதா? அது ஆள்குழி. பாதையில இருந்தாலும் ஆள்குழி, கம்பெனியில இருந்தாலும் ஆள்குழி. இனிமே எவனும் அதக் கெழங்குக்குழின்னும் சொல்லக்கூடாது. ஆள்குழின்னா பலகை அடிச்சாத்தான் எறங்கோணும்.”

 

மேஸ்திரி அண்ணாமலை தாடையைச் சொறிந்தார். “கேக்கறது நாயந்தான். ஆனா யாரு தலைக்கு மேல? எந்தலை ஒரு ஒசரம். இந்தச் சென்றாயன் தலை ஒரு ஒசரம்.”

மந்தையே சிரித்தது. சென்றாயன் எங்கள் ஊரிலேயே குட்டையான ஆள். நெட்டையன் ஒருத்தனை நிறுத்தி அளக்கலாம் என்று யாரோ சொன்னார்கள்.

“நெட்டையன அளந்தா குட்டையன் செத்த பொறவுதானுங்க பலகை வரும். சென்றாயண்ணன அளங்க.”

சென்றாயனை நடுவில் நிறுத்தி, மூங்கிலைப் பக்கத்தில் வைத்தார்கள். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று மெல்ல எம்பினான். “குதிகாலக் கீழ வைங்கண்ணா, உங்களுக்குப் பொண்ணா பாக்கறோம்?” என்றேன். அத்தை ஓரத்திலிருந்து சிரித்தது கேட்டது. மகன் போனபின் அவள் சிரித்து இன்றுதான் கேட்கிறேன்.

அந்த அளவுக்கு மூன்று மூங்கில் வெட்டினார்கள். கம்பெனிக்கு ஒன்று, பாதைக்கு ஒன்று, காட்டு ஆபீசுக்கு ஒன்று. குப்புசாமி கை நீட்டவில்லை. ரேஞ்சரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ள முடியாது என்றான்.

“கேளு. மாசியில காட்டுல தீப்புடிச்சா அணைக்கறதுக்கு எங்க நாட்டு ஆளுதான வரோணும்? அதையும் சேத்துக் கேட்டுட்டு வா” என்றார் பட்டக்காரர்.

மூங்கிலை வாங்கிக்கொண்டு போனான்.

ஆடி 18

எல்லாரும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. வருஷம் திரும்பவில்லை. யாரும் இல்லாத நேரத்தில் நன்றாக அழுதேன்.

ஆவணி 3

மரம் வெட்ட ரேஞ்சர் உத்தரவு கொடுத்துவிட்டார். உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்று குப்புசாமியைக் கேட்டேன். “ஆள்குழிக்கு மரம்னு போட்டிருக்குதுங்க. அந்த வார்த்தை எனக்கே புதுசு” என்றான்.

ஆவணி 9

பலகை அடித்துவிட்டார்கள். நானே போய்த் தழையை எடுத்தேன். காய்ந்து சருகாகியிருந்தது. பொன்னன் இறங்கினான். என்னைப் பார்க்கவில்லை.

ஆவணி 25

கம்பெனி புது வழி கண்டுபிடித்துவிட்டது. மேலிருந்து வெட்டாமல் சரிவில் பக்கவாட்டில் குடைகிறார்கள். “இது குழியே இல்லம்மா, நேரா நடந்து உள்ள போறோம். இதுக்குக் குடைவுன்னு பேரு” என்கிறார் அர்த்தனாரி. முகத்தில் வெட்கமும் இருந்தது, நம்பிக்கையும் இருந்தது.

ஆட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

அப்புறம் மூங்கிலை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். “நீங்களே உள்ள போயி நிறுத்துங்க. நுனிக்கு மேல மண்ணு இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க.”

உள்ளே போனார். நிறுத்தினார். அண்ணாந்து பார்த்தார். வெளியே வந்து, “பலகை எடுத்துட்டு வாங்கடா” என்றார்.

எந்தப் பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு வாருங்கள். நான் இங்கேதான் இருக்கிறேன்.

புரட்டாசி 14

பக்கத்துப் பைல் நாட்டிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அங்கேயும் கம்பெனி போகிறதாம். சென்றாயனை நேரில் பார்க்கவேண்டுமாம். சென்றாயன் தலைக்கு எண்ணெய் வைத்து, வேட்டி மாற்றிக்கொண்டு வந்து நின்றான். அளந்துகொண்டு போனார்கள்.

புரட்டாசி 20

மணியக்காரரிடம் மறுபடியும் போனேன். கணக்கைத் திருத்த முடியாது, மேலே போய்விட்டது என்கிறார். அடுத்த மாதமும் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வருவேன்.

ஐப்பசி 11

மழை விடவில்லை. கீழ்த்துண்டில் வரப்பு உடைந்து மண் போட்டுக்கொண்டிருந்தேன். கம்பெனிப் பக்கம் சத்தம் கேட்டது. மண்வெட்டியைப் போட்டது தெரியும், எப்படி ஓடினேன் என்று தெரியாது.

பொன்னனுடைய குழியில் கிழக்குப் பக்கம் மண் வயிறு தள்ளி நின்றது. பலகை வில் மாதிரி வளைந்திருந்தது. ஒடியவில்லை. ஓவர்சியர் மழையில் நின்று ஒவ்வொருத்தராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொருத்தராக ஏறி வந்தார்கள். பொன்னன் கடைசி. மேலே வந்து, நின்று, குழியைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். ஈரத்தோடு முன்னும் பின்னுமாக நடந்து ஊட்டுக்கு வந்தோம்.

ஆடியிலிருந்து என்னோடு பேசாதவன், சாப்பிட உட்கார்ந்து ஒரு வாய் களியைப் போட்டுவிட்டு, “என்ன அண்ணி, உப்பே போடலையா? வாயில வெக்க முடியல!” என்று கத்தினான்.

போட்டேன். இன்னும் வேண்டும் என்றான். இன்னும் போட்டேன்.